ஆடு நுழையாத பாதி

எங்கள் தெருக்கோடியில் ஓர் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. கடலோர மணல்மேட்டு மண்வள உயராய்வு மையம் என்று பெயர். பெயர்ப்பலகை கட்டடத்தின் அகலத்துக்கு அடங்காமல் பக்கச் சுவருக்கு மடங்கிப் போகிறது. ‘உயராய்வு’ வரைக்கும் தெருவில் நின்றே படித்துவிடலாம். ‘மையம்’ என்பதைப் படிக்க வேண்டுமென்றால் குப்பைத்தொட்டி ஓரமாகப் போய்க் கழுத்தைத் திருப்ப வேண்டும். மணல்மேட்டைப் பற்றி அவர்களுக்குத் தெரியாதது எதுவுமே இல்லை என்று சொல்வார்கள். சொல்கிறவர்களும் அவர்கள்தான்.

மணல்மேடு எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. தெருவின் கடைசி வீடு எங்களுடையது. கொல்லைக் கதவைத் திறந்தால் மேடு, மேட்டைத் தாண்டினால் கடல். அந்த மேடு மட்டும் இல்லையென்றால் கடற்காற்று நேராக எங்கள் சோற்றுப் பானைக்குள்தான் வந்து இறங்கும். மையம் கட்டப்படுவதற்கு ரொம்ப காலம் முன்பே மேடு இருந்தது. மேட்டின் மேல் என் மனைவியின் ஆடுகளும் இருந்தன.

நான் மின்விசிறி மோட்டாருக்குச் செப்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவன். ஆட்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், கொடியில் காயப்போட்ட என் சட்டையை அது தின்னும் என்பதுதான். ஆடுகள் முழுக்க முழுக்க என் மனைவியின் சாம்ராஜ்யம். கல்யாணமாகி வரும்போது ஒரு குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தவள் அவள். இப்போது கொல்லையில் நிற்கிற கூட்டம் மொத்தமும் அதன் வாரிசுகள். இருப்பதில் மூத்தது கறுப்பி. மனைவி ‘ஹேய்’ என்று ஒரு குரல் கொடுத்தால், மேட்டின் அந்தப் பக்கம் கறுப்பி தலையைத் தூக்கும். அது நடந்தால் மற்றவை பின்னாலேயே வந்துவிடும். நான் கூப்பிட்டால் என் மகள்கூட வருவதில்லை.

ஒரு நாள் மையத்தின் இயக்குநர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கூடவே அவருடைய துணை ஆய்வாளரும் வந்தார். துணை ஆய்வாளருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஏதோ இருக்கும். தெருவில் அவரை எல்லோரும் ஆமாஞ்சாமி என்றுதான் சொல்வோம். இயக்குநர் வாசலில் நின்று காலணியைத் தட்டினார். அதில் தட்டுவதற்கு ஒன்றும் இல்லை.

“மேட்டுல மண்ணு இறுகிக்கிட்டே வருது. தெரியுமா உங்களுக்கு?” என்றார்.

“தெரியாதுங்க,” என்றாள் மனைவி.

“ஆடு மேயறதுதான் காரணம். மிதிச்சு மிதிச்சு மண்ணை இறுக்கிடுது, கொடியைக் கடிச்சு மணலைக் கிளப்பி விட்டுடுது. அதை நாங்க கண்டுபிடிச்சுட்டோம். இனிமே ஆராய்ச்சி பண்ண வேண்டியதுதான் பாக்கி.”

“ஆமாம் சார்,” என்றார் ஆமாஞ்சாமி.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “கண்டுபிடிச்ச பிறகு எதுக்கு சார் ஆராய்ச்சி?”

இயக்குநர் என்னைப் பார்த்தார். “நீங்க என்ன வேலை பாக்கறீங்க?”

“காயில் கட்டறேன் சார்.”

“அதான்,” என்றார்.

விஷயம் இதுதான். மேட்டை வேலி போட்டு இரண்டாகப் பிரிப்பார்கள். ஒரு பாதியில் ஆடுகள் மேயும். எங்கள் கொல்லையை ஒட்டிய மற்றப் பாதியில் ஆடு நுழையவே நுழையாது. காற்றுக்காலம் முடிந்ததும் இரண்டு பாதியின் மண்ணையும் சோதித்துப் பார்ப்பார்கள். அதற்கு என் மனைவியின் ஆடுகள் வேண்டும்.

“ஆடு மேல தப்பு இல்லைன்னு தெரிஞ்சா, மறுநாளே உங்க வாசல்ல கொண்டு வந்து விட்டுடுவோம்,” என்றார் இயக்குநர். “தப்பு இருக்குன்னு தெரிஞ்சா, இந்தக் கரையில ஒரு ஆடு இருக்கக் கூடாது. உங்க ஆடு மட்டும் இல்ல, தெருவுல யார் ஆடும்.”

“நான் குடுக்கலைன்னா?” என்றாள் மனைவி.

“ஆட்டுக்காரங்களே ஒத்துழைக்கலைன்னா, தப்பு இருக்குன்னுதானே அர்த்தம்?”

பக்கத்து வீட்டுத் தையற்கார அக்கா மதில் மேல் கையை ஊன்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கும் ஆடுகள் உண்டு. மதிலுக்கு அந்தப் பக்கம் தையல் மிஷின் நின்று போயிருந்தது. என் மனைவி அக்காவைப் பார்த்தாள், கொல்லையைப் பார்த்தாள், கடைசியில் என்னைப் பார்த்தாள்.

“நம்ம ஆடு யாருக்கு என்ன பண்ணுச்சு? போய்ட்டு வரட்டும். காத்துக்காலம் முடிஞ்சா வந்துடும்ல?”

“வந்துடும்,” என்றேன். எதை வைத்துச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

ஆடுகளின் காதில் மஞ்சள் வில்லை மாட்டி ஓட்டிப் போனார்கள். கறுப்பி சினையாக இருந்தது. வில்லை மாட்டும்போது அது மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

தொடக்க விழா மேட்டின் மேலேயே நடந்தது. ஆடு இருக்கிற பாதியில் புழுக்கையும் வாடையும் இருக்குமாம். அதனால் ஆடு நுழையாத பாதியில் மேடை போட்டார்கள். அந்தப் பாதிக்குத் தூய பாதி என்று பெயர் வைத்திருந்தார்கள். விருந்தினர்களின் கால் தடுக்கிவிடக் கூடாது என்று, படர்ந்து கிடந்த அடம்பங்கொடியை வேரோடு இழுத்து ஓரமாகக் குவித்தார்கள். நாற்காலிகள் மணலில் புதைந்ததால் பலகை அடித்தார்கள். பலகை சரிந்ததால் மேட்டின் தலையைக் கொஞ்சம் சீவிச் சமப்படுத்தினார்கள். தெரு முழுக்க வந்து உட்கார்ந்திருந்தது.

இயக்குநர் ஒலிவாங்கியைத் தட்டிவிட்டுப் பேசினார்:

“பெரியோர்களே! இன்று முதல் இந்த மண்ணின் மீது எந்தக் காலும் படாது. இயற்கை, இயற்கையாகவே இருக்கும். அதை உறுதி செய்ய நானே தினமும் இங்கே வந்து நடந்து பார்ப்பேன்!”

பலமாகக் கைதட்டினோம். நானும்தான் தட்டினேன். அந்த நேரத்தில் அது நல்ல பேச்சாகத்தான் தோன்றியது.

மறுநாளிலிருந்து தூய்மைச் சரிபார்ப்புக் குழு வந்தது. ஆடு ஏதாவது வேலி தாண்டி வந்திருக்கிறதா என்று பார்க்க வரிசையாக நின்று மேட்டை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மிதித்துக்கொண்டு போவார்கள். பிறகு திரும்பி வருவார்கள். குழு சரியாகச் சரிபார்த்ததா என்று பார்க்க மேற்பார்வைக் குழு வந்தது. அவர்கள் வெயிலில் நிற்க முடியாமல் ஒரு கூடாரம் அடித்தார்கள். கூடாரத்துக்கு நாற்காலி, நாற்காலிக்கு மேசை, மேசைக்குத் தேநீர், தேநீர் கொண்டுவருகிறவருக்குச் சைக்கிள் ஏற வசதியாக ஒரு பாதை. ஆடுகள் இருந்த பாதிக்குள் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. அங்கே சோதிக்க ஒன்றும் இல்லையாம். ஆடுகள்தான் இருக்கின்றனவாம்.

கொல்லைக் கதவருகில் நின்று நானும் மனைவியும் பார்ப்போம். வேலிக்கு அந்தப் பக்கம் ஆடுகள் கொடி நுனியைக் கடித்துக்கொண்டு நிற்கும். அங்கங்கே கொஞ்சம் வழுக்கையாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனாலும் கொடி மறுபடி தலையெடுத்துக்கொண்டுதான் இருந்தது. ஒரு நாள் மனைவி தன்னையறியாமல் ‘ஹேய்’ என்று குரல் கொடுத்துவிட்டாள். எல்லா ஆடுகளும் ஒரே நேரத்தில் திரும்பின. கறுப்பி வேலியில் வந்து நெற்றியை முட்டிக்கொண்டு நின்றது.

அரை மணி நேரத்தில் ஆமாஞ்சாமி எங்கள் வாசலில் நின்றார்.

“அம்மா, நீங்க கூப்பிடக் கூடாது. ஆடு அதுபாட்டுக்கு மேயணும். நீங்க கூப்பிட்டா அது உங்களுக்காக நடக்குது. அந்த நடை கணக்குல வராது.”

“என் ஆட்டை நான் கூப்பிடக் கூடாதா?”

“ஆராய்ச்சி முடியறவரைக்கும் அது ஆடு இல்லம்மா. ஆய்வு மாதிரி.”

மனைவி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் கொல்லைப்புறமாக யாரும் சத்தமாகப் பேசக்கூட இல்லை. மகள் தும்மினால்கூட வாயைப் பொத்திக்கொண்டு தும்மினாள். சொந்த வீட்டில் இப்படி ஒரு பிழைப்பு.

அடுத்ததாக என்னை மையத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

முதல் தடவையாக அந்தக் கட்டடத்துக்குள் போனேன். நடைபாதையில் ஒரு மின்விசிறி கிறீச் கிறீச் என்று உயிரை விட்டுக்கொண்டிருந்தது. கண்டென்சர் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இயக்குநரின் அறையில் ஏசி குளிர் எலும்பைத் தொட்டது. மேசைக்குப் பக்கத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் எங்கள் மணல்மேட்டைப் தெர்மகோலில் செய்து வைத்திருந்தார்கள். அதன் மேல் குட்டி குட்டியாய் பிளாஸ்டிக் ஆடுகள். எங்கள் வீடு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பூச்சாடி.

“தூய பாதியில யாரோ நடந்திருக்காங்க,” என்றார் இயக்குநர். “தடம் கிடைச்சிருக்கு. நாளுக்கு நாள் தடம் கூடிக்கிட்டே போகுது. விசாரணைக் குழு போட்டோம். அவங்க போய்ப் பார்த்த அன்னிக்கு எப்பவும் இல்லாத அளவுக்கு தடம் இருந்திருக்கு!”

“சார், அது குழுவோட தடமா இருக்கும்.”

“குழு எதுக்கு அங்க நடக்கப் போகுது? குழு பார்வையிடத்தானே போகுது?”

“ஆமாம் சார்,” என்றார் ஆமாஞ்சாமி.

என் செருப்பைக் கழற்றச் சொல்லி வெள்ளைத்தாளில் வைத்து அளவெடுத்தார்கள். பொருந்தவில்லை. தடம் முழுக்க குதிகால் வைத்த தோல் காலணித் தடம் என்று அங்கிருந்த படங்களிலேயே தெரிந்தது. எங்கள் தெருவில் அப்படி ஒரு காலணி யாரிடமும் கிடையாது. இயக்குநர் மேசைக்கடியில் காலை ஆட்டிக்கொண்டே யோசித்தார். அவர் காலில் இருந்ததை நான் பார்த்தேன். ஆமாஞ்சாமியும் பார்த்தார். உடனே இரண்டு பேரும் கூரையைப் பார்த்தோம்.

“மனுஷன் இல்லைன்னா ஆடுதான்,” என்று முடித்தார் இயக்குநர். “குளம்புத் தடம் காத்துல கரைஞ்சு அகலமாயிடும். பார்க்கறதுக்குக் காலணி மாதிரி இருக்கும். இது தெரிஞ்ச விஷயம்தான்.”

ஆடுகள் களவாக வந்து போகின்றன என்று முடிவானதும், காவலுக்கு ஆள் போட்டார்கள். காவலர்கள் மேட்டின் மேல் இங்கும் அங்குமாக நடந்தார்கள். காவலர்கள் தூங்குகிறார்களா என்று பார்க்க இன்னொருவர் நடந்தார். நான் திரும்பி வந்து இதையெல்லாம் மனைவியிடம் சொன்னபோது அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“ஆடு எப்போ வரும்னு கேட்டீங்களா?”

கேட்கவில்லை. செருப்பைக் கழற்றிக் கொடுத்த குழப்பத்தில் மறந்துபோயிருந்தது. எனக்கே என் மேல் ஆத்திரமாக இருந்தது.

காற்றுக்காலம் முடிந்தது. மண்ணைச் சோதிக்கிற நாள் வந்தது. மனைவி தலை வாரி, நல்ல புடவை கட்டி, கையில் கயிறுகளோடு கிளம்பினாள். ஆடுகளை அன்றைக்கே ஓட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்ற எண்ணம். தையற்கார அக்காவும் மிஷினைப் பூட்டிவிட்டு எங்களோடு வந்தார்.

கூரான ஓர் இரும்புக் கம்பியை மண்ணில் இறக்கிப் பார்ப்பதுதான் சோதனை. ஆடுகள் மேய்ந்த பாதியில் கம்பி எப்போதும் போலச் சரசரவென்று இறங்கியது. தூய பாதியில் பாதையின் மேல் வைத்து அழுத்தினார்கள். இறங்கவில்லை. ஆமாஞ்சாமி அதன்மேல் ஏறி நின்றார். கம்பி வளைந்தது. பாதைக்கு இரண்டு பக்கமும் ஒரு கொடி இல்லை, ஒரு புல் இல்லை. அங்கே மணல் பிடிமானம் இல்லாமல் காற்றில் கிளம்பி வேலிப் பக்கமாகச் சரிந்துகொண்டிருந்தது. சின்னக் குழந்தைகூடச் சொல்லிவிடும், எந்தப் பாதி கெட்டுப்போனது என்று.

“அப்போ எங்க ஆட்டு மேல தப்பு இல்லதானே?” என்றாள் மனைவி. அவள் குரலில் அவ்வளவு சந்தோஷம்.

“துளிகூட இல்ல,” என்றார் இயக்குநர். “உங்க ஆடு பரிசுத்தம்.”

மனைவி கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தாள். இயக்குநர் தொண்டையைச் செருமிக்கொண்டார். அங்கே ஒலிவாங்கி இல்லை. இருந்தாலும் அவர் மேடைப் பேச்சுக்கு மாறினார்.

“ஆடு இருக்கிற இடத்தில் மண் நன்றாக இருக்கிறது. ஆடு இல்லாத இடத்தில் மண் கெட்டிருக்கிறது. எனவே, மண்ணைக் கெடுத்தது ஆடு இல்லாமைதான் என்று இந்த மையம் உலகத்துக்கு முதன்முதலாக அறிவிக்கிறது. ஆடு இந்த மேட்டுக்கு உயிர்நாடி. இப்படிப்பட்ட அரிய செல்வத்தைத் தனியார் வீட்டில், சட்டை தின்ன விட்டுவைப்பது தேசக் குற்றம். ஆகவே இந்த ஆடுகள் இனி மையத்தின் நிரந்தர உடைமை.”

“ஆமாம் சார்,” என்றார் ஆமாஞ்சாமி. ஆனால் அவர் என் மனைவியின் பக்கம் பார்க்கவில்லை.

“தப்பு இருந்தா ஆடு போயிடும்னீங்க. தப்பு இல்லைன்னாலும் குடுக்கமாட்டேன்னா எப்படி?” என்று நான் கத்தினேன். அவ்வளவு சத்தமாக நான் யாரிடமும் பேசியதில்லை.

“நிரூபணமான ஆட்டை யாராவது திருப்பிக் குடுப்பாங்களா? கொஞ்சம் படிச்சிருந்தா இப்படிக் கேட்கமாட்டீங்க,” என்றார் அவர்.

வயிறெரிந்துகொண்டு வீட்டுக்கு வந்தோம். மனைவி கயிறுகளைச் சுருட்டி ஆணியில் மாட்டினாள். ஒவ்வொன்றாக மாட்டினாள்.

அந்த வாரமே கறுப்பி குட்டி போட்டது. எங்களுக்கு எப்படித் தெரியும் என்றால், காவலர் ஒருவர் ஒரு சாக்குப் பையைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் வைத்தார். பை அசைந்தது. பின்னாலேயே ஆமாஞ்சாமி மூச்சிரைக்க வந்தார்.

“அம்மா, இது திட்டத்துல இல்ல. வில்லையும் இல்ல. இது அங்க இருந்தா எண்ணிக்கை இடிக்குதுன்னு சார் வெளியேத்தச் சொல்லிட்டாரு. தூர எங்கேயாவது விடச் சொன்னாரு. நான்தான் இங்க கொண்டு வரச் சொன்னேன்.”

“பால் குடிக்கற குட்டியைத் தாய்கிட்ட இருந்து பிரிப்பாங்களா யாராவது? நீங்கல்லாம் மனுஷங்களா?” என்றாள் மனைவி.

ஆமாஞ்சாமி குனிந்து சாக்கின் கட்டை அவிழ்த்துவிட்டார். போய்விட்டார்.

குட்டி புட்டிப்பாலைத் தொடவில்லை. வீடு முழுக்கக் கத்தியது. மனைவி அதை மடியில் போட்டுக்கொண்டு துணியை நனைத்து வாயில் பிழிந்தாள். வெளியே மேட்டின் பக்கமிருந்து கறுப்பி பதிலுக்குக் கத்தியது. கூப்பிடக் கூடாது என்று எங்களுக்குத்தான் உத்தரவு, குட்டிக்கு யாரும் உத்தரவு போடவில்லை. காற்றுக்காலம் முடிந்தும் அன்றைக்கென்று காற்று பேயாக அடித்தது. தூய பாதியிலிருந்து கிளம்பிய மணல் ஜன்னலில் மழைபோல் விழுந்துகொண்டிருந்தது. இந்தக் குட்டி பிழைக்காது என்றுதான் நான் நினைத்தேன். மனைவியிடம் சொல்லத் தைரியம் வரவில்லை.

மறுநாள் நடுப்பகலில் கொல்லைக் கதவை யாரோ முட்டினார்கள். திறந்தேன். கறுப்பி நின்றது. அதன் பின்னால் மொத்தக் கூட்டமும் நின்றது. கறுப்பி என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், மனைவியின் மடியிலிருந்த குட்டியை முகர்ந்தது. மனைவி வாய்விட்டு அழுதுவிட்டாள். நான் வெளியே போய்ப் பார்த்தேன். வேலி இருந்த இடத்தில் வேலி இல்லை. தூய பாதியின் மணல் சரிந்து அதை மேல் கம்பிவரை மூடியிருந்தது. ஆடுகள் எதையும் தாண்டவில்லை. சும்மா நடந்து வந்திருக்கின்றன.

சாயங்காலம் இயக்குநர் வந்தார். மனைவி வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். கையில் துடைப்பம். நான் அவளுக்குப் பின்னால் நின்றேன். என் கையில் ஒன்றும் இல்லை. இயக்குநர் எங்கள் தலைக்கு மேலாக எட்டி, உள்ளே அசைபோட்டுக்கொண்டிருந்த ஆடுகளைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் வரும் என்று காத்திருந்தோம். அவர் முகம் வெளுத்தது.

ஆமாஞ்சாமி அவர் காதருகில் குனிந்தார். “சார், ஆடு தூய பாதி வழியா வந்திருந்தா, அது தூய பாதி இல்லைன்னு ஆயிடும். நம்ம கண்டுபிடிப்பை மேலிடத்துக்கு அனுப்பியாச்சு. வேலி எப்படி மூடுச்சுன்னும் கேப்பாங்க. நாளன்னைக்கு பெரிய அதிகாரி வேற வர்றாரு.”

இயக்குநர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பிறகு நிதானமாகச் சொன்னார். “இது எங்க ஆடு இல்ல.”

“காதுல மஞ்சள் வில்லை இருக்கே சார்,” என்றேன். என் வாய்க்கு எப்போதுமே புத்தி கிடையாது. மனைவி முழங்கையால் என் விலாவில் இடித்தாள்.

“வில்லை போட்ட ஆடெல்லாம் வேலிக்குள்ள இருக்கு. அது நிரூபணமான விஷயம். வேலிக்கு வெளியில வில்லை போட்ட ஆடு இருக்க முடியாது. அதனால இங்க நான் எதையும் பார்க்கல.”

சொல்லிவிட்டு அவர் போனார். மதில் மேல் கையூன்றியிருந்த தையற்கார அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

பெரிய அதிகாரி வந்தார். மறுபடியும் தூய பாதியில் மேடை. புதைந்த வேலியை மறைத்து வண்ணத் துணி கட்டியிருந்தார்கள். துணியின் நடுவில் ஒரு ஜன்னல் போல வெட்டி, அதன் வழியாக ஆட்டுப் பாதியைக் காட்டினார்கள். அதிகாரி குனிந்து பார்த்தார். வெறும் கொடியும் மணலும் தெரிந்தன.

“ஆடுகளைக் காணோமே?” என்றார்.

இயக்குநர் ஒலிவாங்கியைப் பிடித்தார். “அதுதான் ஐயா எங்கள் வெற்றி! சத்தம் இல்லை. வாடை இல்லை. புழுக்கை இல்லை. தடம்கூட இல்லை. மண்ணுக்கு இத்தனை மென்மையாக மேய்கிற ஆடுகளை உலகத்தில் வேறு எங்கும் பார்க்க முடியாது. இங்கேயும் பார்க்க முடியாது!”

அதிகாரி அசந்துபோனார். “அற்புதம்! இந்தக் கரையில் இருக்கிற எல்லா ஆடுகளையும் இப்படியே ஆக்கிவிடுங்கள். நாளைக்கே வண்டி அனுப்பி ஒன்று விடாமல் பிடித்து வாருங்கள்.”

தையற்கார அக்கா என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். எங்கள் ஆடுகள் வீட்டில் பத்திரமாக இருந்தன. யாரும் அவற்றைப் பார்க்கப் போவதில்லை. பேசாமல் இருந்தால் போதும். மனைவியும் அதைத்தான் நினைக்கிறாள் என்று நான் நினைத்தேன். அவள் எழுந்துவிட்டாள்.

“ஐயா, அங்க ஆடே இல்ல. எல்லாம் எங்க வீட்டுல இருக்கு. நீங்க உக்காந்திருக்கீங்களே, அந்த மண்ணு சரிஞ்சு வேலியை மூடிடுச்சு. மிதிச்சே மூடிட்டாங்க. வந்து பாருங்க, கூப்பிடு தூரம்தான். பாவம், மத்தவங்க ஆட்டையாவது விட்டுடுங்க.”

போச்சு, எல்லாம் போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

கண்ணைத் திறந்தபோது இயக்குநர் உருக்கமாகப் பேசிக்கொண்டிருந்தார். “இந்தத் தாயின் பாசத்தைப் பாருங்கள்! ஆடுகளை அறிவியலுக்கு அர்ப்பணித்த பிறகும், அவை தன் வீட்டிலேயே இருப்பதாக உணர்கிறார். இப்படிப்பட்ட தியாகிகளால்தான் மையம் நிற்கிறது.”

அதிகாரி இறங்கி வந்து என் மனைவிக்குப் பூங்கொத்துக் கொடுத்தார். எல்லோரும் கைதட்டினார்கள். அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு, “நான் சொல்றது யார் காதுலயுமே விழலையா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். கைதட்டலில் அது யார் காதிலும் விழவில்லை. வீட்டுக்கு வந்ததும் பூங்கொத்தைக் கறுப்பிக்குப் போட்டாள்.

அன்றைக்குச் சாயங்காலம் தையற்கார அக்கா வந்தார். வீட்டுக்குள் வராமல் நேராகக் கொல்லைக்குப் போனார். கறுப்பியின் காதைப் பிடித்து வில்லையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“வில்லை போட்டது வெளியில இருந்தா அவங்க கண்ணுக்குத் தெரியாதுல்ல?” என்றார்.

“அப்படித்தான் சொன்னாரு,” என்றேன்.

“சரி, பார்த்துக்கலாம்,” என்று போனார். கொஞ்ச நேரத்தில் மதிலுக்கு அந்தப் பக்கம் பெரிய கத்தரிக்கோல் மஞ்சள் நிற எண்ணெய் டின்னை வெட்டுகிற சத்தம் கேட்டது. தெருவில் இருக்கிறவர்கள் ஒவ்வொருவராக அவர் வாசலுக்கு வந்து போனார்கள்.

காலையில் லாரி வந்தது. ஆமாஞ்சாமி இறங்கினார். தெரு நிறைய ஆடுகள். ஒவ்வொன்றின் காதிலும் நூலில் கோத்த மஞ்சள் வட்டம். சிலவற்றில் எண்ணெய்க் கம்பெனியின் பெயரில் பாதி எழுத்து தெரிந்தது. அவர் ஒவ்வொரு காதாகப் பார்த்துக்கொண்டே போய், கடைசியில் எங்கள் வாசலில் நின்று இயக்குநரைத் தொலைபேசியில் அழைத்தார். இயக்குநர் பேசுவது எங்களுக்கே கேட்டது.

“சார், எதையும் ஏத்த முடியல. எல்லாத்துக்கும் வில்லை இருக்கு.”

“வில்லை போட்டதெல்லாம் உள்ளதானே இருக்கு?”

“ஆமாம் சார்.”

“அப்போ தெருவுல என்ன இருக்கு?”

ஆமாஞ்சாமி தெருவைப் பார்த்தார். என் மனைவியைப் பார்த்தார். அவருடைய சட்டை நுனியை ஒரு கிடா மென்றுகொண்டிருந்தது.

“ஒண்ணும் இல்ல சார்,” என்றார்.

தெருவே சிரித்தது. ஆனால் லாரி திரும்ப வழியில்லை. முன்னாலும் ஆடு, பின்னாலும் ஆடு. டிரைவர் யோசித்துவிட்டு, எங்கள் வீட்டை ஒட்டிய சந்து வழியாக வண்டியை மணல்மேட்டின் மேலேயே ஏற்றினார். தூய பாதியில் ஒரு வட்டம் அடித்துத் திரும்பினார். மேடு உட்கார்ந்தது. கூரை உயரத்துக்கு நின்ற மணல் அப்படியே சரிந்து, கொல்லைக் கதவை உடைத்துக்கொண்டு எங்கள் அடுப்படிவரைக்கும் வந்தது. ஆடுகள் வாசலில் நின்றதால் தப்பித்தன. அடுப்பில் இருந்த சோறு, பானையோடு காணாமல் போனது. மேடு இருந்த இடத்தில் முதல் தடவையாக எங்கள் வீட்டிலிருந்தே கடல் தெரிந்தது. காற்று நேராக உள்ளே வந்தது.

“எந்த ஆடுடா இதைப் பண்ணுச்சு?” என்று மனைவி லாரிக்குப் பின்னால் ஓடினாள். “சொல்லிட்டுப் போங்கடா, எந்த ஆடு பண்ணுச்சு?”

லாரி நிற்கவில்லை. மறுநாள் நாங்கள் மணலை வாரிக் கொட்டிக்கொண்டிருந்தபோது சரிபார்ப்புக் குழு வழக்கம்போல வந்தது. மிச்சமிருந்த மேட்டின் மேல் வரிசையாக ஏறி, லாரிச் சக்கரம் பதிந்த பள்ளத்தைச் சுற்றி நின்று பார்த்தார்கள். குனிந்து அளந்தார்கள். பிறகு அதைச் சுற்றிக் கயிறு கட்டி, ‘ஆட்டின் தடம். யாரும் மிதிக்க வேண்டாம்’ என்று ஒரு பலகையை நட்டு, அது நன்றாக நிற்கும்படி எல்லோருமாகச் சேர்ந்து சுற்றிலும் மண்ணை மிதித்துவிட்டுப் போனார்கள்.